கிளாசிக் 350 கார்ப் மாடல்: ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டபின் வெடிப்பு, பிக்கப் குறைவு. மெயின் ஜெட் மாற்றினால் போதுமா?

மணப்பாறை350 எழுதியது:

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2016 மாடல், கார்புரேட்டர். ஓட்டம் 41,000 கி.மீ. கம்பெனி சைலன்சரையும் பெண்ட் பைப்பையும் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத குட்டை ஃப்ரீ ஃப்ளோ போட்டிருக்கிறது. ஏர் ஃபில்டரில் பேப்பருக்குப் பதிலாக ஆயில் தடவும் காட்டன் ஃபில்டர், கம்பெனி பெட்டிக்குள்ளேயே உட்காரும் வகை. கார்பில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.

இப்போது உள்ள பிரச்சினைகள்: ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. 60-லிருந்து 80-க்கு ஏறும்போது இழுவையே இல்லை, ஆனால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் நன்றாக ஏறுகிறது. புது பெண்ட் பைப் ஹெட்டுக்குப் பக்கத்தில் நீலமாகிவிட்டது. மைலேஜ் 35 கொடுத்தது 30-க்கு வந்துவிட்டது.

ஒரு மெக்கானிக் மெயின் ஜெட்டை (கார்பில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பித்தளைத் திருகு) 1.1 மி.மீ. டிரில் பிட் விட்டு ஓட்டை பெரிசு பண்ணலாம் என்கிறார். இன்னொருவர் ஏர் பாக்ஸையே தூக்கிவிட்டு கார்பின் வாயில் கோன் ஃபில்டர் மாட்டச் சொல்கிறார். எதைச் செய்வது? எந்த வரிசையில்?

---

பைலட்ஜெட் எழுதியது:

தம்பி, இரண்டையும் செய்யாதீர்கள். "சோக் இழுத்தால் நன்றாக ஏறுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சோக் இழுத்தால் என்ன நடக்கிறது? கூடுதலாகப் பெட்ரோல் போகிறது. கூடுதல் பெட்ரோலில் வண்டி சந்தோஷப்படுகிறது என்றால் இப்போது கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் பற்றாக்குறை. மைலேஜ் குறைந்ததும் இதனால்தான். இழுவை இல்லாததால் கை தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை இன்னும் திருகுகிறது.

ஆனால் லீன் என்றதும் ஜெட்டுக்கு ஓடக்கூடாது. எங்கேயாவது காற்றுக் கசிவு இருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். கசிவை வைத்துக்கொண்டு ஜெட்டை ஏற்றினால் ஒரு தவறை இன்னொரு தவறால் மறைத்ததாகும். பிறகு யாராவது கசிவைச் சரிசெய்த அன்றைக்கு வண்டி கறுப்புப் புகை கக்கும்.

முதலில் எக்ஸாஸ்ட். ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் உள்ள வாஷரைப் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். பழையது ஏற்கெனவே நசுங்கியிருக்கும், மறுபடி சீல் ஆகாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலன்சரின் வாயை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். ஹெட்டுப் பக்கமோ பெண்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் கிளாம்ப் பக்கமோ "புஸ்" சத்தம் கேட்டால் அங்கே கசிவு. இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தாலும் அதுதான் அர்த்தம். இந்தக் கசிவு வழியாகப் புகை வெளியே வருவதைவிட, ஆக்ஸிலேட்டரை மூடும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதுதான் தொல்லை. எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள் பற்றிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் பட் பட் அதுதான்.

அடுத்து இன்டேக். கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரைக் கழற்றி, வளைத்துப் பாருங்கள். 41,000 ஓடிய வண்டியில் மயிரிழை வெடிப்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கழற்றாமல் பார்க்க வேண்டுமென்றால், அப்போதுதான் ஸ்டார்ட் செய்த ஆறிய இன்ஜினில், ஐடிலிங்கில் வைத்து அந்த ரப்பரைச் சுற்றிக் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். ஐடிலிங் ஏறினாலோ இறங்கினாலோ கசிவு உறுதி. சூடான பெண்ட் பைப்பின் மேல் படக்கூடாது, தீப்பிடிக்கும்.

மூன்றாவது, ஹெட்டுப் பக்கத்திலிருந்து ஏர் பாக்ஸுக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறதா பாருங்கள். அது பி.ஏ.வி. வால்வு. எரிந்து வெளியேறும் வாயுவில் வெளிக்காற்றைச் சேர்த்து மீதியை எரிக்க வைத்திருக்கிறார்கள், மாசு குறைய. கம்பெனி சைலன்சரில் இது வேலை செய்வதே தெரியாது. தடுப்பில்லாத சைலன்சரில் இதுவே வெடிப்புக்குத் தனிக் காரணமாகிவிடும். உடனே அடைக்காதீர்கள். சோதனைக்காக ஒருமுறை தற்காலிகமாக அடைத்து ஓட்டி, வெடிப்பில் எவ்வளவு பங்கு இதனுடையது என்று தெரிந்துகொண்டு திரும்பத் திறந்துவிடுங்கள்.

டேப்பெட் இடைவெளி பார்க்க வேண்டாம், உங்கள் யூசிஇ வகை இன்ஜினில் அது ஹைட்ராலிக், தானே சரிசெய்துகொள்ளும். பிளக் இரண்டையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள்.

இதெல்லாம் சரி என்றான பிறகுதான் கார்ப்.

உங்கள் வண்டியில் இருப்பது 29 மி.மீ. வேக்குவம் கார்ப், மாடல் பெயர் பிஎஸ் 29. ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுப்பது பட்டர்ஃப்ளை தகட்டை மட்டும்தான். காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை மேலே தூக்குவது இன்ஜின் இழுப்பில் உண்டாகும் வேக்குவம். இதனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினாலும் ஸ்லைடு பாதிதான் ஏறும், அப்போது பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட் அல்ல, ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில். ஐந்தாவது கியரில் 60-ல் போய்க்கொண்டு முழுசாகத் திருகி "மெயின் ஜெட் பத்தவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். உங்களுடைய 60-80 பிரச்சினை எனக்கு நீடில் பிரச்சினையாகத்தான் தெரிகிறது.

வரிசை இப்படி: ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட், பிறகு மெயின், கடைசியில் நீடில். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

பைலட்டுக்கு, கார்பில் இன்ஜின் பக்கமாக உள்ள மிக்ஸர் ஸ்க்ரூவைப் பாருங்கள். கம்பெனியில் அதன் மேல் சின்னப் பித்தளை மூடி அடித்திருப்பார்கள். 2 மி.மீ. பிட்டால் மூடியில் மட்டும் துளையிட்டு, அதில் ஒரு சின்ன ஸ்க்ரூவை ஏற்றி இழுத்தால் வந்துவிடும். பிட் உள்ளே இறங்கி ஸ்க்ரூவின் தலையைக் கடித்துவிட்டால் கார்பே போச்சு. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியை எடுத்ததும் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். முட்டியபின் அழுத்தக்கூடாது, அதன் கூர்முனை உடைந்து ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். பிறகு இரண்டரைச் சுற்று வெளியே.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஐடிலிங்கில் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஐடிலிங் எந்த இடத்தில் உச்சத்துக்கு வருகிறதோ, அங்கிருந்து கால் சுற்று வெளியே வைத்துவிட்டு ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறையுங்கள். இந்த வகைக் கார்பில் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். உச்சம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்தால் பைலட் ஜெட் பெரிசு. மூன்று சுற்றுக்கு மேல் போனாலும் இன்னும் கேட்கிறது என்றால் பைலட் ஜெட் சின்னது, ஒரு படி ஏற்றுங்கள். ஆக்ஸிலேட்டரை விடும்போது வரும் வெடிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே அடங்கிவிடும். தடுப்பே இல்லாத சைலன்சரில் ஒன்றிரண்டு பட் பட் மிஞ்சத்தான் செய்யும். அதையும் நிறுத்துகிறேன் என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் பிளக் கரியாகும்.

மெயின் ஜெட்டுக்கு நெட்டில் ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். நம்பாதீர்கள். உங்கள் ஜெட்டில் என்ன எண் பொறித்திருக்கிறதோ அதுதான் தொடக்கம். அங்கிருந்து 2.5, அதிகபட்சம் 5 என்று ஏற்றுங்கள். மிக்குனி ஜெட் மட்டும். கெய்ஹின் ஜெட்டின் எண் முறை வேறு, ஒரே எண் என்பதற்காக ஒரே அளவு பெட்ரோல் போகாது.

டிரில் பிட் பற்றி. ஜெட் என்பது வெறும் ஓட்டை இல்லை. நுழைவாயில் சரிவு, ஓட்டையின் நீளம், உள்சுவரின் வழவழப்பு எல்லாம் சேர்ந்துதான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. கையில் பிடித்துச் சுற்றிய பிட் ஓட்டையை முட்டை வடிவமாக்கும், உள்ளே கீறல் விழும். அதோடு எவ்வளவு ஏற்றினோம் என்ற கணக்கே போய்விடும், ஒரு படி இறக்க வேண்டுமென்றால் இறக்க முடியாது. சில நூறு ரூபாய்க்குள் நல்ல ஜெட் கிடைக்கும்போது இது எதற்கு?

---

லேத்பட்டறை எழுதியது:

அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கோன் ஃபில்டர் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அந்த யோசனை சொன்னவர் கேபிளே நேராக ஸ்லைடைத் தூக்கும் பழைய விஎம் கார்ப் ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார்.

வேக்குவம் கார்பில் ஸ்லைடுக்கு மேலே ஒரு ரப்பர் டயாபிரம். அதன் மேல்பக்கம் கார்பின் தொண்டையில் உண்டாகும் வேக்குவத்தோடு இணைந்திருக்கும். கீழ்ப்பக்கத்துக்கு, கார்பின் வாயில் ஏர் பாக்ஸ் பக்கமாக இருக்கும் ஒரு சின்னத் துளை வழியாகச் சாதாரணக் காற்று வரும். இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் ஸ்லைடைத் தூக்குகிறது. ஏர் பாக்ஸ் இருக்கும்போது அந்தத் துளையின் முன்னால் காற்று அமைதியாக நிற்கும். பெட்டியைத் தூக்கிவிட்டு கோன் மாட்டினால், அதன் ரப்பர் கழுத்து சில சமயம் அந்தத் துளையையே மூடிவிடும். மூடாவிட்டாலும் எதிர்காற்றும் இன்ஜினின் இழுப்புத் துடிப்பும் நேராக அங்கே அடிக்கும். ஸ்லைடு நிலையில்லாமல் ஆடும். நடு ஆர்பிஎம்மில் ஒரு குழி விழும், எந்த ஜெட் போட்டாலும் அது நிறையாது. மழையில் தண்ணீர் குடிக்கும் என்பது தனி.

அப்படிச் செய்து என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 346 சிசி, நான்கு ஸ்ட்ரோக், உச்ச பவர் 5,250 ஆர்பிஎம்மில். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று இழுக்கிறது. சிலிண்டர் முழுசாக நிரம்பினால்கூட நிமிடத்துக்கு 900 லிட்டர் சுமார். சுத்தமான கம்பெனி பேப்பர் ஃபில்டரே இதற்குத் தாராளம். காட்டன் ஃபில்டரால் பவர் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கழுவித் திரும்பப் போடலாம், அவ்வளவுதான் லாபம். அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்: அதற்கென்று உள்ள கிளீனரில் கழுவி, உள்ளிருந்து வெளியே தண்ணீர் விட்டு, நிழலில் தானாகக் காயவிடுங்கள். கம்பிரஸ்ஸர் காற்று அடித்தால் பஞ்சு விலகி ஓட்டை விழும். ஆயில் ஒவ்வொரு மடிப்பின் மேட்டிலும் ஒரு கோடு, இருபது நிமிடத்தில் தானே பரவும். சொட்டச் சொட்ட ஊற்றினால் காற்று போகாது, ஆயில் கார்புக்குள் போய்ச் சின்னத் துவாரங்களை அடைக்கும். ஆயிலே இல்லாமல் மாட்டினால் தூசி நேராக உள்ளே, பிஸ்டன் ரிங் தேய்ந்து வண்டி ஆயில் குடிக்கும்.

சைலன்சர் பற்றியும் ஒரு வார்த்தை. "பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இன்ஜினுக்குப் பேக் பிரஷர், அதாவது வாயு வெளியேறுவதற்கு எதிரான தடை, தேவையே இல்லை. தேவைப்படுவது பைப்பில் வாயு ஓடும் வேகமும், அழுத்த அலை திரும்பி வரும் நேரமும். நீளமான, அளவான விட்டமுள்ள பைப்பில் வாயு வேகமாகப் போகும், போகும்போது பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குட்டையாக, விட்டம் பெரிதாகப் போட்டால் அந்த வேகம் செத்துவிடும், 2,000-3,500 ஆர்பிஎம்மில் உள்ள இழுவை குறையும். புல்லட்டில் நாம் நாள் முழுக்க ஓட்டுவது அந்த இடத்தில்தானே. அதனால் பெண்ட் பைப்பின் உள்விட்டம் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும்.

இந்த இன்ஜின் 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். 5,250-லேயே பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15.75 மீட்டர். மேலே ஏறவிடாமல் பிடித்து வைத்திருப்பது சைலன்சர் இல்லை. ஹெட் போர்ட், வால்வு, கேம் இவைதான். ஃப்ரீ ஃப்ளோவில் கிடைப்பது முக்கால்வாசி சத்தமும், குறைந்த எடையும்.

பைப் நீலமானது திரும்பி வராது. ஒற்றைச் சுவர் பைப் சூடானால் நீலமாகத்தான் செய்யும். லீனில் ஓட்டினால் சீக்கிரம் ஆகும். பாலிஷ் போட்டு எடுக்கலாம், கலவையைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி வரும்.

---

பைலட்ஜெட் எழுதியது:

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் வண்டி லீனாக ஓடுவதற்கு சைலன்சர் மட்டும் காரணம் இல்லை. பங்கில் போடும் பெட்ரோலும் மாறியிருக்கிறது.

பெட்ரோல் முழுசாக எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது 14.1 சுமார். 20 சதவீதக் கலப்பில் 13.5. கார்புரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது, பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும். 10-லிருந்து 20-க்குப் போனதிலேயே கலவை நான்கு சதவீதம் லீனாகிவிட்டது, ஒன்றிரண்டு படி பெரிய ஜெட் கேட்கும் அளவு. கம்பெனி சைலன்சரோடு இருக்கும் பழைய கார்ப் வண்டிகளில்கூட இப்போது ஆறிய நேரத்தில் ஸ்டார்ட்டிங் டிரபிளும் இருமலும் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஃப்ளோட் பவுலை (கார்பின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணம்) திறக்கும்போது ஓரிங்கையும் டயாபிரத்தையும் பார்த்துவிடுங்கள். டயாபிரத்தை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக இழுத்தால் ஊசித்துளை இருந்தால் தெரியும். துளை இருந்தால் ஸ்லைடு முழுசாக ஏறாது, 70-80-க்கு மேல் வண்டி போகவே போகாது. அதை மெயின் ஜெட் பிரச்சினை என்று நினைத்து ஜெட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பவுலின் டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தங்கும்.

---

கூடலூர்கேடிஎக்ஸ் எழுதியது:

சார், நம்மளுது 2022 ரீபார்ன் கிளாசிக், எஃப்ஐ (கார்புக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்). சைலன்சர் மட்டும் மாற்றினால் இசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தானாகவே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும் என்று கடையில் சொன்னார்கள். நிஜமா?

---

எஃப்ஐமண்டை எழுதியது:

பாதி நிஜம் ப்ரோ.

பெண்ட் பைப்பில் ஓர் ஆக்சிஜன் சென்சார் இருக்கு இல்லையா, அது நேரோபேண்டு. கலவை சரியான புள்ளிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் அதுக்குத் தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. சீரான வேகத்தில் போகும்போது இசியூ இதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். முழு ஆக்ஸிலேட்டரில் சென்சாரைக் கண்டுகொள்ளாது, உள்ளே எழுதி வைத்திருக்கும் மேப்பைப் பார்த்து ஊற்றும். அங்கே தானாக அட்ஜஸ்ட் என்ற பேச்சே இல்லை. ஆனால் பெண்ட் பைப்பைத் தொடாமல் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால் வித்தியாசம் சின்னது, 349 சிசி இன்ஜின் தாங்கிக்கொள்ளும்.

பெரிய தலைவலி வேறு இடத்தில். சென்சாருக்கு முன்னால், ஹெட் வாஷரில் கசிவு இருந்தால் வெளிக்காற்று சென்சார் மேல் படும். அது "லீன், லீன்" என்று கத்தும். இசியூ நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். உண்மையில் கலவை சரியாகத்தான் இருந்தது, இப்போது ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். மைலேஜ் விழும், பிளக் கரியாகும், ஸ்கேனரில் சென்சார் பழுது மாதிரி காட்டும். சென்சாரை மாற்றிக் காசை விடாதீங்க, முதலில் வாஷரை மாற்றுங்க.

ஏர் டெம்பரேச்சர் சென்சாரில் மாட்டும் சின்ன பிளக் ஒன்று விற்கிறாங்க. காற்று குளிர்ந்திருக்கிறது என்று இசியூவிடம் பொய் சொல்லிச் சில சதவீதம் பெட்ரோலைக் கூட்டும், அவ்வளவுதான். சீரான வேகத்தில் ஆக்சிஜன் சென்சார் அதைத் திரும்பக் குறைத்துவிடும். பெண்ட் பைப், ஃபில்டர் எல்லாம் மாற்றுவதாக இருந்தால் பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்ட்ரானிக், ஃப்யூயல்எக்ஸ் மாதிரி, இசியூவோடு சேர்த்து மாட்டிப் பெட்ரோல் அளவை மாற்றும் பிக்கிபேக் யூனிட் வேண்டும். அதுவும் டைனோவில் (பவரை அளக்கும் ரோலர் மேடை) வைத்து மேப் போட்டால்தான் அர்த்தம். டைனோவில் ஏற்றினால் லாம்டாவில் (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவு) பேசச் சொல்லுங்க. எத்தனால் கலந்த பெட்ரோலில் 12.8, 13 என்ற பழைய காற்று-பெட்ரோல் விகித எண்கள் குழப்பும். முழு ஆக்ஸிலேட்டரில் லாம்டா 0.87-லிருந்து 0.90-க்குள் இருந்தால் போதும்.

---

இரட்டைக்கோடு எழுதியது:

எல்லோரும் ஸ்பேனரோடு நிற்கிறீர்கள், சட்டத்தையும் ஓர் ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது. 182ஏ(4) பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும்கூட. சத்தத்துக்கும் புகைக்கும் 190(2): 10,000 ரூபாய்வரை, மூன்று மாதம்வரை சிறை, லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம். 175 சிசிக்கு மேற்பட்ட டூவீலர் கம்பெனியிலிருந்து வரும்போதே 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தடுப்பில்லாத குட்டை பைப் அதற்குப் பக்கத்தில்கூட வராது. "டிபி கில்லர் (சத்தம் குறைக்கும் செருகல்) போட்டிருக்கேன் சார்" என்பது செக்கிங்கில் எடுபடாது. பழைய சைலன்சரை விற்றுவிடாதீர்கள், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) சமயத்தில் தேடுவீர்கள்.

---

ஆரெக்ஸ்பித்தன் எழுதியது:

அண்ணே, இதே முறையை ஆர்எக்ஸ்100-க்கும் செய்யலாமா? மிக்ஸர் ஸ்க்ரூவை இரண்டரைச் சுற்று வெளியே வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

---

லேத்பட்டறை எழுதியது:

தம்பி நிறுத்துங்க, ஓட்டாதீங்க. ஆர்எக்ஸில் இருப்பது விஎம் கார்ப். அதில் அந்த ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கும், அது ஏர் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் காற்று கூடும், லீனாகும். புல்லட் கார்புக்கு நேர் எதிர். ஒன்றரைச் சுற்றில் வைத்து அங்கிருந்து பாருங்க. நீடிலில் கிளிப் போட ஐந்து வெட்டு இருக்கும். கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறும், பெட்ரோல் கூடும்.

டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் வெறும் பட் பட்டோடு போகாது. பிஸ்டன் ஜாம் ஆகும், ஓட்டை விழும். சைலன்சரின் உள் வயிற்றை வெட்டி எடுப்பதும் ஆகாது. அந்த வயிறு குறுகும் இடத்திலிருந்து திரும்பி வரும் அலைதான், வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைப் போர்ட்டுக்குள் திரும்பத் தள்ளுகிறது. நேர் பைப் போட்டால் சத்தம் வரும், 98 சிசியில் இருந்த இழுவையும் போகும். மேற்கொண்டு வேண்டுமென்றால் தனியாகக் கேள்வி போடுங்க, இங்கே கலக்க வேண்டாம்.

---

மணப்பாறை350 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம்: ஹெட் வாஷர் பழையதுதான், கரிக்கோடு இருந்தது, மாற்றியாகிவிட்டது. இன்டேக் ரப்பர் நன்றாக இருக்கிறது. மிக்ஸர் ஸ்க்ரூ இரண்டே முக்கால் சுற்றில் ஐடிலிங் சீராக அமைந்தது. வெடிப்பு பெரும்பாலும் போய்விட்டது. 60-80 இழுவை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் சோக் சோதனையில் இன்னும் வித்தியாசம் தெரிகிறது. மெயின் ஜெட்டைப் பார்க்கப் பவுலைத் திறந்தால், முன்பு யாரோ திருகி ஜெட்டின் வெட்டு வழுக்கியிருக்கிறது, எண்ணும் தெரியவில்லை. பவுலின் ஒரு ஸ்க்ரூவும் தலை போய்விட்டது. எப்படி எடுப்பது? நீடிலை எப்படி ஏற்றுவது?

---

பைலட்ஜெட் எழுதியது:

அப்படியானால் "யாரும் கை வைக்கவில்லை" என்று நீங்கள் எழுதியதை மறந்துவிடுங்கள்.

பவுல் ஸ்க்ரூ ஜப்பான் வகை ஜேஐஎஸ் பிளஸ். நம் ஊர் சாதாரணப் பிலிப்ஸ் டெஸ்டர் (ஸ்க்ரூடிரைவர்) அதில் முழுசாக உட்காராது, அழுத்தினால் மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் முனை வாங்குங்கள். வழுக்கிய ஸ்க்ரூவை லாக் பிளையரால் பக்கவாட்டில் பிடித்துத் தளர்த்தி எடுங்கள், திரும்பப் போடும்போது நான்கையும் ஆலன் ஸ்க்ரூவாக மாற்றிவிடுங்கள். கார்பை முழுசாகக் கழற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் டேப்பை மூடி, டிரெய்ன் ஸ்க்ரூ வழியாகக் காலி செய்து, இரண்டு பக்கக் கிளாம்பையும் தளர்த்திக் கார்பைச் சாய்த்தாலே பவுல் வெளியே வரும். ஆக்ஸிலேட்டர் பொசிஷன் சென்சாரின் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது நகர்ந்தால் இக்னிஷன் டைமிங் குழம்பும், நீங்கள் ஜெட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஜெட் பித்தளை, மெத்தென்று இருக்கும். வெட்டின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை டெஸ்டரைத் தேர்ந்தெடுங்கள், சின்னது வைத்துத் திருகியவர்தான் இப்படி ஆக்கியிருக்கிறார். கார்ப் கிளீனர் அடித்து ஒரு மணி நேரம் விட்டு, நேராக அழுத்திக்கொண்டே திருப்புங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஜெட் குப்பைக்கு. எண் தெரியாத ஜெட்டில் டியூனிங் செய்ய முடியாது. உங்கள் மாடலுக்கான கம்பெனி ஜெட் ஒன்றும், அதற்கு மேல் 2.5, 5, 7.5 கூடுதலாக மூன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். போடும்போது விரலால் முழுசாக ஏற்றிவிட்டுக் கடைசியில் டெஸ்டரால் லேசாக ஓர் இறுக்கு, போதும்.

கம்பெனி ஜெட்டுக்கு ஒரு படி மேலே இருந்து தொடங்குங்கள். சோதனை மூன்றாவது கியரில், காலி ரோட்டில். நல்ல ஆர்பிஎம் வந்தபின் முழுசாகத் திருகிப் பிடித்து, சட்டென்று கொஞ்சமே கொஞ்சம் குறையுங்கள். குறைத்த நொடியில் வண்டி முன்னால் எட்டிப் பார்த்தால் மெயின் இன்னும் லீன், ஏற்றுங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் மந்தமாக, தொண்டை அடைத்த மாதிரி கொர்கொர் என்று போனால் ரிச், இறக்குங்கள். பிளக்கைப் பார்ப்பதென்றால் புதுப் பிளக்கில் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் பீங்கானின் நுனி எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பீங்கான் உள்ளே இரும்போடு சேரும் அடிப்பகுதியில் மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் சரி.

அதன் பிறகும் 60-80-ல் குழி இருந்தால் நீடில். இந்தக் கார்பின் நீடிலில் கிளிப் மாற்ற வெட்டு இல்லை என்றால் கவலை வேண்டாம். மேல்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கையும் டயாபிரத்தோடு ஸ்லைடையும் வெளியே எடுத்தால் நீடில் கையில் வரும். அதன் தலைக்கு அடியில் 0.5 மி.மீ. தடிமனுள்ள குட்டிப் பித்தளை வாஷர் ஒன்றைக் கோர்த்து மாட்டுங்கள். முதலில் ஒன்று மட்டும். கடிகாரம், மொபைல் ரிப்பேர் கடைகளில் இந்த அளவில் வாஷர் கிடைக்கும். இரண்டுக்கு மேல் கேட்கிறது என்றால் வேறெங்கோ தவறு, நீடிலை விட்டுவிட்டுக் கசிவை மறுபடி தேடுங்கள். மூடும்போது டயாபிரத்தின் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் மடிந்து மூடிக்கு அடியில் மாட்டினால் அங்கேயே கிழியும். மூடியபின் கார்பின் வாய்ப் பக்கமிருந்து விரலால் ஸ்லைடைத் தூக்கி விட்டால், அது மெதுவாக, தடையில்லாமல் கீழே இறங்க வேண்டும்.

ஒன்று மட்டும்: மணப்பாறையில் செட் செய்த கலவை ஊட்டியில் அப்படியே இருக்காது. 2,240 மீட்டரில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், கார்ப் ஏறக்குறைய பத்து சதவீதம் ரிச்சாக ஊற்றும். மலைக்குப் போகும்போது கொஞ்சம் கறுப்புப் புகையும் மந்தமும் வந்தால் அங்கே வைத்து ஜெட்டைக் குறைத்துவிடாதீர்கள். குறைத்த ஜெட்டோடு கீழே இறங்கினால் மறுபடி பைப் நீலமாகும்.

---

மணப்பாறை350 எழுதியது:

ஜெட் வந்துவிட்டது அண்ணே, அசையவே இல்லை என்று நினைத்தேன், கிளீனர் அடித்து ஊறவிட்டதும் வந்தது. கம்பெனி அளவோடு நான்கு ஜெட்டும் ஜேஐஎஸ் டெஸ்டரும் ஆர்டர் போட்டிருக்கிறேன். வாஷர் உள்ளூரில் 0.5-ல் கிடைக்கவில்லை, 0.4 தான் இருக்கிறது. அதையே போடலாமா?

---

பைலட்ஜெட் எழுதியது:

போடலாம். 0.4 ஒன்றில் தொடங்குங்கள், பத்தாவிட்டால் இரண்டு. துருப்பிடிக்கிற இரும்பு வாஷர் மட்டும் வேண்டாம்.